முதலுக்கு மோசம் வராமல் காப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். கணக்கு என்றதும் நம்மில் பலருக்கு வரவும் செலவும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுவே முதல். முதல் இல்லாமல் வரவு பிறக்காது. முதலை அறியாதவன் செலவைக் கட்டுப்படுத்த இயலாது. ஆகவே அந்த ஒரு சொல்லையே இன்றைய உரையின் பொருளாக எடுத்துக் கொண்டோம்.

தலையும் வேரும்

ஆங்கிலத்தில் முதலைக் ‘கேப்பிட்டல்’ என்பார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இச்சொல்லைப் பல பொருள்களில் படிக்கிறார்கள். ஒரு நாட்டின் தலைநகரம் கேப்பிட்டல். ஆங்கிலப் பெரிய எழுத்தும் கேப்பிட்டல். நம் தமிழிலும் அரபியிலும் அத்தகைய எழுத்து இல்லை. மரண தண்டனையை ஆங்கிலச் சட்ட நூல்கள் இச்சொல்லைச் சேர்த்தே குறிக்கின்றன. தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். அதை நம் சிற்பிகள் போதிகை என்பார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய கல் பள்ளிவாசல்களுக்குச் சென்றவர்கள் போதிகைகளைக் கண்டிருப்பார்கள்.

இவையெல்லாம் எப்படி ஒரே சொல்லாயின? இலத்தீன் மொழியில் ‘கபுத்’ என்றால் தலை. ஊர்களுக்குத் தலையானது தலைநகரம். வரிக்குத் தலையில் நிற்பது பெரிய எழுத்து. தலையை இழக்கும் தண்டனை மரண தண்டனை. தூணின் தலை போதிகை. செல்வத்தின் தலை முதல்.

அரபு மொழியும் அதையே சொல்கிறது. அரபியில் முதலுக்கு ‘ரஃஸுல் மால்’ என்று பெயர். ரஃஸ் என்றால் தலை. மால் என்றால் செல்வம். ஆனால் தலைநகரத்திற்கு அரபியர் ‘ஆஸிமா’ என்னும் வேறொரு சொல்லை வைத்தார்கள். காப்பது, அரண் செய்வது என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கலீஃபா மன்ஸூர் கி.பி. 762இல் நிறுவிய பக்தாத், அப்பாஸியரின் தலைநகராக விளங்கியது. 1258இல் மங்கோலியர் அதை அழித்தபோது ஒரு நகரம் மட்டும் வீழவில்லை. ஐந்து நூற்றாண்டுகள் நிலைத்த ஓர் ஆட்சியே முடிவுக்கு வந்தது. கையை இழந்தவன் வாழலாம். தலையை இழந்தவன் வாழ்வதில்லை.

இனி நம் தமிழுக்கு வருவோம். முதல் என்றால் தொடக்கம்; முதல் என்றால் காரணம்; மரத்தின் அடிக்கும் முதல் என்னும் பெயர் உண்டு. மூலதனம் என்னும் சொல்லில் உள்ள மூலம் என்பது வேர். நம் கடைத்தெருவில் ‘அசலும் வட்டியும்’ என்கிறோமே, அந்த அசல் என்னும் சொல் ‘அஸ்ல்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருளும் வேர் என்பதே. ஆக, சில சொற்கள் முதலைத் தலை என்கின்றன; சில சொற்கள் வேர் என்கின்றன. எது அறுபட்டாலும் உயிர் நிலைக்காது என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

மாடும் மாலும்

பழந்தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. கல்வியே அழிவில்லாத செல்வம் என்று கூறும் குறளில் திருவள்ளுவர் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறார். பாலைவன அரபியர் மால் என்று சொன்னபோது பெரும்பாலும் ஒட்டகங்களையே கருதினர் என்று அகராதி ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆங்கிலத்தில் கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்னும் சொல்லும் கேப்பிட்டலும் ஒரே வேரில் பிறந்தவை.

கால்நடையைச் செல்வமாகக் கருதியதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பாலைக் கறந்து குடிக்கலாம்; கன்றை விற்கலாம்; எருவை வயலுக்கு இடலாம். பசித்த ஒரு நாளில் பசுவையே அறுத்து உண்டுவிட்டால் மறுநாள் பாலும் இல்லை, கன்றும் இல்லை. ஊதியத்தை உண், முதலை உண்ணாதே என்பதே இடையனின் முதல் பாடம். வரக்கூடிய ஆக்கத்தை எண்ணி உள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளமாட்டார் என்று வள்ளுவரும் எச்சரிக்கிறார். இதையே நம் பெரியவர்கள் ‘முதலுக்கே மோசம்’ என்னும் இரண்டு சொற்களில் அடக்கிவிட்டார்கள்.

திருமறை வகுத்த எல்லை

அல்பகரா அத்தியாயத்தின் 279ஆவது வசனத்தில் ‘ரஃஸ்’ என்னும் சொல்லின் பன்மையையே அல்லாஹ் ஆள்கிறான். வட்டியை விட்டு மீண்டவர்களுக்கு அவர்களுடைய அசல் உரியது; அவர்களும் அநியாயம் செய்யக்கூடாது, அவர்களுக்கும் அநியாயம் செய்யப்படக்கூடாது என்பது அவ்வசனத்தின் கருத்து. கடன் கொடுத்தவனின் முதலுக்கு மார்க்கம் காவல் நிற்கிறது. அம்முதல் கடன்பட்டவனின் முதுகின்மேல் ஏறிக் குட்டி போடுவதைத் தடுக்கிறது. அடுத்த வசனமோ, கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், தள்ளுபடி செய்வது அதனினும் நன்று என்றும் கூறுகிறது. ஹிஜ்ரி 10இல் தம் இறுதி ஹஜ்ஜின்போது அண்ணலார் (ஸல்) அவர்கள் அறியாமைக்கால வட்டிகளை ரத்துச் செய்தார்கள். அப்போது முதன்முதலாகத் தள்ளுபடி செய்தது தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியைத்தான்.

இன்று நம் தெருக்களில் நடப்பது என்ன? நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் பெறும் ஒரு தள்ளுவண்டி வியாபாரி மாதந்தோறும் 1,000 ரூபாய் செலுத்துகிறார். பத்து மாதங்களில் வாங்கிய தொகை முழுவதும் போய்விடுகிறது. பத்தாயிரம் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எனப் பெயர்கள் மாறுகின்றன, கண்ணீர் மாறவில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், விடிந்தால் சரக்கு எடுக்க வேண்டியவனுக்கு வேறு வாசல் இல்லாதபோது சட்டம் மட்டும் அவனைக் காப்பாற்றிவிடாது.

முதல் பெருகுவதை இஸ்லாம் தடுக்கவில்லை. பெருகும் வழியை ஒழுங்குபடுத்தியது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை எடுத்துச் சென்று அண்ணலார் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டில் வாணிபம் செய்த வரலாற்றை நாம் அறிவோம். ஒருவர் முதல் இட, மற்றொருவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளும் இம்முறைக்கு ‘முளாரபா’ என்று பெயர். ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய் இடுகிறார். இலாபம் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. 30,000 ரூபாய் இலாபம் வந்தால் ஆளுக்கு 15,000. 20,000 ரூபாய் நட்டமானால், உழைத்தவரிடம் கவனக்குறைவோ மோசடியோ இல்லாதவரை அந்நட்டம் முதலிட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். மாதம் இவ்வளவு என்று இலாபத்தை முன்கூட்டியே ஒரு தொகையாக நிர்ணயிக்கக் கூடாது. நட்டத்தில் பங்கேற்கத் துணிந்தவனுக்கே இலாபத்தில் பங்கு உண்டு.

ஒரு கோடரியின் விலை

முதல் என்றதும் பெருந்தொகை என்று எண்ண வேண்டியதில்லை. அபூதாவூத் முதலிய நூல்களில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி. உதவி கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரிடம் வீட்டில் ஏதேனும் உண்டா என அண்ணலார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு துணியும் நீர் பருகும் ஒரு பாத்திரமும் மட்டுமே இருந்தன. அவற்றை வரவழைத்துச் சபையில் ஏலம் கூறி இரண்டு திர்ஹங்களுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்திற்குக் குடும்பத்திற்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். தம் திருக்கரத்தால் அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும் பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் பணித்தார்கள். பத்து திர்ஹங்களைச் சம்பாதித்த பின்னரே அவர் திரும்பி வந்தார்.

இரண்டு திர்ஹங்களையும் உணவுக்கே செலவிட்டிருந்தால் அவர் மறுவாரம் மீண்டும் கையேந்தியிருப்பார். கோடரியை மட்டும் வாங்கியிருந்தால் அன்றிரவு பிள்ளைகள் பசித்திருக்கும். பாதி உணவுக்கு, பாதி முதலுக்கு என்று பிரித்த அந்தத் திட்டத்தை நம் பைத்துல்மால் பின்பற்ற வேண்டும். ரமளானில் ஸகாத்தைச் சில்லறையாக மாற்றி வரிசையில் நிற்போர் கையில் பத்தும் இருபதுமாகத் திணிக்கிறோம். மறு ரமளானில் அதே முகங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளையும், வாணிபம் தெரிந்தவருக்கு அதற்கேற்ற முதலையும் ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில், ஒருவருக்கே நிஸாப் அளவுக்கு ஸகாத் கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதன்று எனப்படுகிறது. ஆகவே அவரவர் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டே முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தையல் இயந்திரமோ, ஒரு தள்ளுவண்டியோ, ஒரு கொத்தனாரின் கருவிகளோ ஒரு குடும்பத்தை ஸகாத் பெறும் வரிசையிலிருந்து நிரந்தரமாக விடுவிக்கக்கூடும்.

வக்ஃபு என்னும் அசல்

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதுபோன்ற சிறந்த சொத்து தமக்கு முன்பு கிடைத்ததில்லை என்று கூறி, என்ன செய்யலாம் என அண்ணலார் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். விரும்பினால் அதன் அசலை நிறுத்திவைத்துப் பயனைத் தருமம் செய்யலாம் என வழிகாட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக அளிக்கப்படாது, வாரிசுக்குச் செல்லாது என்னும் நிபந்தனைகளுடன் அதன் விளைச்சல் ஏழைகள், உறவினர்கள், வழிப்போக்கர்கள், விருந்தினர்கள் முதலியோருக்கு உரியதாக்கப்பட்டது. அதை நிர்வகிப்பவர் சொத்துச் சேர்க்காமல் நியாயமான அளவில் உண்ணலாம் என்றும் வகுக்கப்பட்டது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது இடம்பெற்றுள்ளது. நாம் வட்டிக்கடையில் சொல்லும் அசல் என்னும் சொல்லே இந்த ஹதீஸில் அறத்தின் அடித்தளமாக நிற்கிறது.

நம் முன்னோர்கள் விட்டுச்சென்ற நிலமும் கடைகளும் நம் சொத்து அல்ல. நம்மிடம் உள்ள அமானிதம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டத்தில் 2013ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், வக்ஃபு சொத்தை விற்பதும் அன்பளிப்பாக அளிப்பதும் அடமானம் வைப்பதும் செல்லாது என்று வகுத்தது. 2025ஆம் ஆண்டில் அச்சட்டம் மீண்டும் பெருமளவில் திருத்தப்பட்டு, வக்ஃபுகளின் விவரங்களை மத்திய அரசின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டிய நிலையும் வந்தது. பத்திரம், பட்டா, வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திராத ஜமாஅத்துகள் எவ்வளவு அல்லலுற்றன என்பதைக் கேள்விப்படுகிறோம். காகிதமும் முதலின் ஒரு பகுதியே.

விற்றால் மட்டுமே முதல் அழியும் என்று எண்ண வேண்டாம். விற்காமலும் அழியும். சந்தை வாடகையில் கால்பங்குக்குக் கடையை வைத்திருப்பவர் அதை மேல்வாடகைக்கு விட்டு இலாபம் அடைந்தால், வக்ஃபின் பாலை வேறொருவர் கறக்கிறார் என்று பொருள். கடைக்காரர்களிடம் பெறும் முன்பணம் வரவு அன்று, கடன். அவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய தொகை அது. அதை எடுத்து வெள்ளையடிப்பதும் விளக்கு மாற்றுவதும் பசுவை அறுத்து விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். முன்பணத் தொகையை அன்றாடச் செலவுக்குத் தொடாமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது நம் முதல் வேண்டுகோள்.

கண்ணுக்குத் தெரியாத முதல்கள்

இருபதாம் நூற்றாண்டில் பொருளியலறிஞர்கள் முதல் என்னும் சொல்லை மேலும் விரித்தார்கள். கற்ற கல்வியும் பெற்ற பயிற்சியும் மனித முதல் என்றார்கள் அமெரிக்காவின் தியோடர் சுல்ட்ஸும் கேரி பெக்கரும். இவர்கள் முறையே 1979, 1992ஆம் ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றவர்கள். மக்களிடையே உள்ள உறவும் நம்பிக்கையும் சமூக முதல் என்றார்கள் வேறு சிலர். நமக்கு இது புதிதன்று. செல்வம் கைக்கு வருமுன்னரே அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு ‘அல்அமீன்’ என்னும் பெயர் வந்துவிட்டது. கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை ஒப்படைத்தது அந்த நம்பிக்கையை நம்பித்தான். தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இரண்டாவது நாணயம் இருப்பவனிடம் முதலாவது நாணயம் வந்து சேரும்.

கல்வியை முதலாகக் கருதியோர் நம்மிடையே இருந்தார்கள். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சிராப்பள்ளியில் 1951இல் ஜமால் முகமது சாகிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய பெருமக்களின் கொடையால் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. அவர்கள் இட்ட முதலின் பயனை இன்றைய தலைமுறையும் உண்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைப் பயணம் அனுப்பிவிடுகிறோம். அவன் பாலைவெயிலில் ஈட்டும் பணம் பளிங்குத் தரையாகவும் விருந்துப் பந்தலாகவும் மாறுகிறது. பத்தாண்டுகள் கழித்து அவன் திரும்பும்போது வீடு இருக்கிறது. தொழில் தொடங்க முதல் இல்லை. மீண்டும் விசா தேடுகிறான்.

கைக்கூலி என்னும் கொடுமையையும் இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க இயலாது. திருமணத்தில் மார்க்கம் விதித்த பணப் பரிமாற்றம் மஹர் ஒன்றே. அது மணமகன் கொடுக்க வேண்டியது. மணமகளுக்கு மட்டுமே சொந்தமான முதல். தந்தைக்கோ கணவனுக்கோ அதில் உரிமை இல்லை. நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். பெண்ணைப் பெற்றவர் தம் வாழ்நாள் முதலை ஒரே நாளில் கரைக்கிறார். பலர் வட்டிக்கும் கடன்படுகிறார்கள். மஹரை ஆயிரம் ரூபாயாக எழுதி, கைக்கூலியை இலட்சங்களில் எண்ணும் திருமணத்திற்கு ஜமாஅத்தின் பதிவேடு துணைபோகலாமா என்பதை இப்பொதுக்குழு சிந்திக்க வேண்டும்.

நம் முன் உள்ள தீர்மானம்

இன்று பொதுக்குழுவின் முன் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றைத் தொடங்கும் தீர்மானம் வைக்கப்பட்டுள்ளது. பள்ளிவாசல் வக்ஃபின் வருமானத்தை அதற்கு எடுக்க நாம் கேட்கவில்லை. வக்ஃபு செய்தவரின் நோக்கத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை. ஸகாத்தையும் அதில் கலக்க வேண்டாம். அது உரியவர்களுக்கே சேர வேண்டும். உறுப்பினர்களாகிய நாமே தனியாகத் திரட்ட வேண்டிய தொகை இது.

கணக்கைப் பாருங்கள். 200 குடும்பங்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் வழங்கினால் 2,00,000 ரூபாய். தலைக்கு 20,000 ரூபாய் வீதம் பத்துப் பேருக்குக் கடன் கொடுக்கலாம். மாதம் 1,000 ரூபாய் வீதம் இருபது மாதங்களில் அவர்கள் திருப்பிச் செலுத்துவார்கள். மாதம் 10,000 ரூபாய் திரும்பி வருமானால், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மேலும் ஒருவருக்குக் கடன் கொடுக்கலாம். ஓராண்டில் ஆறு பேராவது கூடுவார்கள். ஒரு ரூபாய்கூட வட்டி இல்லை, முதலும் குறையவில்லை. நிர்வாகச் செலவை நிதியிலிருந்து எடுக்காமல் வசதியுள்ளோர் ஏற்றுக்கொண்டால் போதும்.

‘வாங்கியவர் திருப்பித் தராவிட்டால்?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, கடன் உண்டா என அண்ணலார் (ஸல்) அவர்கள் வினவி, அடைக்க வழியில்லை என்றறிந்தால் தோழர்களைத் தொழுவிக்கச் சொல்லித் தாம் விலகி நின்ற காலம் உண்டு. மூன்று தீனார் கடனிருந்த ஒருவருக்காக அபூகதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். பின்னர் வெற்றிகளால் வசதி பெருகியபோது, அடைக்க வழியின்றி இறந்தோரின் கடனுக்குத் தாமே பொறுப்பு என அறிவித்தார்கள். இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. கடன் வாங்குபவர் அது பிறருடைய முதல் என்பதை மறக்கக்கூடாது. இருவர் பிணை, எழுத்து, சாட்சி ஆகியவை கட்டாயம் வேண்டும். கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் மிக நீண்ட வசனமே கட்டளையிடுகிறது. அதே சமயம், உண்மையிலேயே நொடிந்தவரின் சுமையை ஜமாஅத் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கரைந்துகொண்டிருக்கும் முதல்

இறுதியாக ஒன்று. வல்அஸ்ர் அத்தியாயத்தின் விளக்கத்தில் இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்கள், முன்னோர் ஒருவர் கூறியதாக ஒரு செய்தியை எழுதியுள்ளார்கள். கடைத்தெருவில் பனிக்கட்டி விற்கும் ஒருவன், தன் முதல் உருகிக்கொண்டிருப்பதால் தன்மீது இரக்கம் காட்டுமாறு கூவிக்கொண்டிருந்தானாம். அதைக் கேட்ட பின்னரே, காலத்தின் மீது சத்தியமாக மனிதன் நட்டத்தில் இருக்கிறான் என்பதன் பொருள் அவருக்கு விளங்கியதாம். பனிக்கட்டியை விற்றாலும் உருகும், விற்காவிட்டாலும் உருகும். நமக்கு அளிக்கப்பட்ட ஆயுளும் அத்தகையதே.

ஆகவே சகோதரர்களே, ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று இத்தீர்மானத்தை ஒத்திவைக்க வேண்டாம். கடந்த பொதுக்குழுவில் நம்மோடு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்களில் சிலர் இன்று மையவாடியில் உறங்குகிறார்கள். வெளியே செல்லும்போது வாசலில் பதிவேட்டுடன் இரு இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். ஆயிரம் இயலாதவர் நூறு எழுதலாம். இயன்றவர் பத்தாயிரம் எழுதலாம். எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் முதலை ஹலாலானதாகவும், எங்கள் ஊதியத்தைப் பரக்கத்துள்ளதாகவும், எங்கள் கைகளை அமானிதம் பேணுபவையாகவும் ஆக்கியருள்வாயாக! வட்டியில் சிக்கியவர்களை விடுவிப்பாயாக! இப்பள்ளிவாசலுக்குச் சொத்து எழுதிவைத்து மறைந்தோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.